துண்டிலிருந்து நற்சான்றிதழ் வரை: இலங்கைத் தொழிலாளரின் ‘நடத்தை’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் தொழில் தேடும் ஒருவர் கிராம உத்தியோகத்தரிடமிருந்து பெற்றுச் சமர்ப்பிக்கும் வதிவிட, நற்சான்றிதழ்ப் படிவத்திலே, பெயர், வயது, வதிவிடக் காலம் முதலிய கூறுகளின் பின்னர், அவர் நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவரா என்றொரு வினா இடம்பெறுகின்றது. அதனைத் தொடர்ந்து அவரது நடத்தை எத்தகையது என்பதும் கேட்கப்படுகின்றது. எந்தக் குற்றம், எந்த ஆண்டில், எத்தகைய தொழிலுக்கு அது தடையாகும் என்னும் வினாக்கள் அங்கில்லை. ஹெந்தளையிலும் வத்தளையிலும் வாடகை அறைகளில் தங்கியிருந்து, நீர்கொழும்பு வீதியோரத்துக் களஞ்சியங்களிலும் புறக்கோட்டைக் கடைகளிலும் வேலை தேடும் மலையக இளைஞர்களுக்கு இத்தாள் நன்கு பழக்கமானது. இதனோடு பொலிஸ் அறிக்கையையும் கேட்கும் நிறுவனங்கள் உள.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க ஏற்பாடொன்று நாட்டின் அரசியலமைப்பிலேயே உண்டு. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரை, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றமொன்றுக்காக ஆறு மாதங்களுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவரை வாக்காளராகும் தகுதியிலிருந்து நீக்குகின்றது. 91ஆம் உறுப்புரையின்படி அவர் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆகமுடியாது. ஆயின், தண்டனை முடிந்து ஏழு ஆண்டுகள் கழிந்ததும் அத்தகுதியீனம் அற்றுப்போகின்றது. சட்டம் இயற்றுபவரின் கடந்தகாலத்துக்கு ஏழாண்டு எல்லை வகுத்த அரசு, களஞ்சியத்திலே மூடை சுமப்பவரின் கடந்தகாலத்துக்கு எல்லை எதனையும் வகுக்கவில்லை.

தொழில் கேட்டு வருபவரின் குற்ற வரலாற்றை ஆராய்தல் சமூகப் பாதுகாப்பின் பொருட்டு எழுந்த நடுநிலையான நிருவாக நடைமுறை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலங்கையின் தொழிற் சட்ட வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறுவது கடினம். இந்நாட்டில் தொழிலாளரின் ‘நடத்தை’யைத் தாளில் எழுதும் வழக்கம், உழைப்புச் சக்தி ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்குத் தன்னிச்சையாக நகர்வதைத் தடுக்கும் முயற்சியிலே தோன்றியது. தொழிலாளர் புரிந்ததாகப் பதியப்பட்ட ‘குற்றங்களும்’ பெரும்பாலும் தொழில் உறவிலிருந்தே பிறந்தவை. வேலையைவிட்டு நீங்குதல், கட்டளையை மறுத்தல், வேலைநீக்கத்தின் பின்னும் வீட்டைவிட்டு அகலாதிருத்தல் என்பன அவற்றுட் சில. இக்கட்டுரையின் நோக்கம் அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, நியாயமான பணிக்கமர்த்தல் விதிகள் பற்றிய இன்றைய விவாதத்தை அதன் ஒளியில் நோக்குவதாகும்.

1865ஆம் ஆண்டை ஒரு தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம். அவ்வாண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், வீட்டு வேலையாட்கள் முதற்கொண்டு கங்காணிமாரும் தோட்டத் தொழிலாளரும் ஈறாக அனைவரையும் ‘வேலையாள்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கியது. முன்னறிவித்தலும் தகுந்த காரணமுமின்றி வேலையைவிட்டு நீங்குதல், வேண்டுமென்றே கட்டளையை மீறுதல், கடமையில் அசட்டை என்பன அச்சட்டத்தின்கீழ்ச் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களாயின. இரு தரப்பார் செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பார் மீறினால் நட்டஈடு கோருவது உரிமையியற் சட்டத்தின் வழி. இங்கோ ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளி மறியற்சாலைக்குச் சென்றார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 76ஆம் பிரிவு, வீட்டில் வசிப்போரின் பட்டியலை வீட்டுக்காரரிடம் பொலிசார் கேட்டுப் பெறுவதற்கு இடமளித்தது. கோப்பிப் பயிர்ச்செய்கை உச்சநிலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த காலத்திலே இவ்விரு சட்டங்களும் ஒருசேரத் தோன்றியமை கவனிக்கத்தக்கது. ஒன்று தொழிலாளியை வேலைத்தலத்திலே பிணித்தது. மற்றையது எவர் எங்கே உறங்குகிறார் என்பதை அரசுக்கு அறிவித்தது.

எனினும், சிறையிலுள்ள தொழிலாளி கொழுந்து பறிக்கமாட்டார். தண்டனைச் சட்டம் தோட்டத்துரைமாருக்கு அச்சுறுத்தலாகப் பயன்பட்ட அளவுக்கு நாளாந்த நிருவாகக் கருவியாகப் பயன்படவில்லை. அவ்விடத்தை நிரப்பியது துண்டு முறையாகும்.

தென்னிந்தியக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே தொழிலாளி கடனாளியாகிவிடுகிறார். பயணச் செலவு, வழியுணவு, கம்பளி, ஊரிலே தீர்க்கவேண்டிய பழைய கடன் ஆகிய யாவும் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்ற பெயரிற் கங்காணியின் கணக்கிலே ஏறுகின்றன. கங்காணிக்கு அப்பணத்தைக் கொடுத்தது தோட்டம். தொழிலாளர் குழுவொன்று அத்தோட்டத்தைவிட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், துரை ஒரு துண்டுத்தாளிலே, இத்தனை ஆட்களை இவ்வளவு தொகை கிடைத்ததும் விடுவிக்கச் சம்மதம் என எழுதிக் கொடுப்பார். கங்காணி அத்துண்டைக் கையிலேந்தித் தோட்டந்தோட்டமாகச் சென்று, கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்ளும் துரையொருவரைத் தேடுவார். துண்டு இல்லாதவரை எந்தத் தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. சேர்த்துக்கொண்டால், பிறரது வேலையாளைக் கலைத்தழைத்த குற்றத்துக்கு 1865ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்திருந்தது.

துண்டு வெறும் கடன் பத்திரமன்று. இன்றைய மொழியிற் கூறுவதானால், அது முன்னைய எசமானின் ஒப்புதலின்றிப் புதிய எசமானிடம் வேலை பெறமுடியாது என்பதன் எழுத்துவடிவம். தாளில் எழுதப்பட்டிருந்தது ஒரு தொகை. அத்தாள் இல்லாமை என்பதன் பொருள் ‘ஓடிவந்தவர்’ என்பதாகும். ஓடிவந்தவர் எனின் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளி. குற்ற வரலாற்றுப் பரிசோதனையின் தர்க்கம் முழுவதும் இங்கு கருவடிவில் உள்ளது எனலாம். சான்றுத் தாளைக் காட்டும் பொறுப்பு வேலை கேட்பவருடையது. தாள் இல்லாமை அவருக்கெதிரான சான்றாகின்றது. அதனை எழுதும் அதிகாரமோ அவரது வறுமையாற் பயனடையும் தரப்பிடமே உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர்ச் செய்கை விரிவடைந்து ஆட்பஞ்சம் ஏற்பட்டபோது, துண்டிலே குறிக்கப்பட்ட தொகைகள் ஏறின. ஆட்களுக்காகத் தோட்டங்கள் போட்டியிட்டமையால் உயர்ந்தது கூலியன்று, கடன். இம்முரண்பாட்டைத் தோட்டத்துரைமாரே தம் கூட்டங்களிற் குறைகூறினர். கடனைத் தீர்க்கும் வழியாகக் கூலியை உயர்த்தலாம் என்பது அவர்களுட் பலருக்குத் தோன்றவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடுகள் இருந்துள்ளன. பிரான்சிலே நெப்போலியன் ஆட்சியில் 1803ஆம் ஆண்டு ஏற்படுத்தப்பட்ட தொழிலாளர் கையேட்டை முதலாளி தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். முற்பணக் கடனை அதில் எழுதலாம். கையேடின்றிப் பயணஞ்செய்யும் தொழிலாளி நாடோடியெனக் கைதுசெய்யப்படலாம். அம்முறை 1890இலேயே ஒழிந்தது. இதற்கு மிக முந்திய வடிவத்தைக் கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் எடுத்துக்காட்டுகிறார். 1547ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டமொன்று, வேலை செய்ய மறுத்துத் திரிவோரின் உடலிற் சூட்டுக்குறி இடுவதற்கு விதித்தது. உடலில் இடப்பட்ட குறி பின்னர் தாளுக்கு இடம்பெயர்ந்தது என்பதே நாகரிக வளர்ச்சியாகக் கொள்ளப்படுகின்றது.

துண்டு முறைக்கெதிரான குரல்கள் இரு திசைகளிலிருந்து எழுந்தன. 1917ஆம் ஆண்டில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இந்திய அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை, இலங்கைத் தோட்டங்களின் கடன் முறையையும் தண்டனைச் சட்டத்தையும் ஆராய்ந்து கண்டித்தது. இங்கு சேர் பொன்னம்பலம் அருணாசலம், 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தையும் 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும் தோற்றுவித்து, ஒப்பந்த மீறலுக்காகத் தொழிலாளரைச் சிறையிலிடும் முறைக்கெதிராகக் கிளர்ச்சி செய்தார். கொழும்பின் உயர்குடி முதலியார் குடும்பத்தைச் சேர்ந்த அவருடைய முயற்சியின் வர்க்க எல்லைகள் பற்றி எழுத இடமுண்டு. எனினும் அவருடைய வகுப்பைச் சேர்ந்தோருட் பெரும்பான்மையினர் அக்காலத்தில் வாய்திறக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் துண்டைத் தடைசெய்தது. குடிபெயர்வைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டம் 1922இல் வந்தது. சீர்திருத்தம் நிகழாவிடின் ஆட்கள் வரும் வழியே அடைபடும் என்ற அச்சம், மனிதாபிமானத்தைக் காட்டிலும் விரைவாகச் சட்டசபையை இயக்கிற்று எனக் கொள்வது தவறாகாது.

துண்டு ஒழிந்தபின் எஞ்சியது பற்றுச்சீட்டு. மலையகப் பேச்சுவழக்கிலே ‘பத்துச்சீட்டு’ என வழங்கும் இச்சொல், தொழிலாளியைக் கணக்குத் தீர்த்து வெளியேற்றும் சீட்டைக் குறிக்கும். ‘அவனுக்குப் பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டார்கள்’ என்றால், வேலையோடு லயத்து அறையும், பெரட்டுக் களத்தில் இருந்த இடமும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போயின என்பது கேட்போருக்கு விளங்கும். ஒரு சமூகத்தின் சொற்களஞ்சியத்தில் ஒரு நிருவாகத் தாளின் பெயர் துயரச் சொல்லாக நிலைபெற்றுவிட்டமை இலக்கிய மாணவர் ஆராயத்தக்கதொன்று. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டியதன் அருமையும் இத்தகைய சொற்களின் வாழ்வை அறியும்போதே புலனாகும்.

தொழிற்சங்கங்கள் தோன்றிய காலத்திற் பற்றுச்சீட்டின் அரசியற் பயன் வெளிப்பட்டது. தோட்டம் தனியார் சொத்து. வெளியார் நுழைவது அத்துமீறல். கோ. நடேசய்யர் தோட்டங்களின் நிலையை அறியப் புடவை வியாபாரியின் வேடத்திற் செல்ல நேர்ந்ததை அவருடைய வரலாற்றை எழுதிய சாரல்நாடன் குறிப்பிடுகிறார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்திற் பொலிசாரின் துப்பாக்கிக்குக் கோவிந்தன் பலியான காலப்பகுதியில், சங்கத் தலைவராகத் தெரிவானவரைப் பணிநீக்குதல் துரைமாரின் வழமையான ஆயுதமாயிருந்தது. நீக்கப்பட்டவர் லயத்து அறையைவிட்டு வெளியேறாவிடின் அவர்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. இவ்வாறு, சங்கம் அமைத்தவர் சிலபோது ‘முன்னர் தண்டிக்கப்பட்டவர்’ ஆனார். அவருடைய குற்றம் தாம் பிறந்த அறையிலே தொடர்ந்து குடியிருந்தமையே.

இவ்வழக்கங்களுள் ஒன்று கோமறைக் கழகம் வரை சென்றது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்திலே, அதாவது மக்கள் உருளவள்ளி என்று வழங்கிய தோட்டத்திலே, 1946இல் தொழிலாளர் வெளியேற்றத்துக்கெதிராகப் போராடினர். அறிவித்தலின் பின்னும் அறையைவிட்டு அகலாத தொழிலாளர் ஒருவருக்கு எதிரான அத்துமீறல் தீர்ப்பை 1950இற் கோமறைக் கழகம் நீக்கியது. தோட்ட நிருவாகத்துக்குத் தொல்லை விளையும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். ஆயினும் தமது வீட்டிலே தொடர்ந்திருத்தலே அவரது நோக்கமாயிருந்தது என்றும், தொல்லைப்படுத்தும் நோக்கம் நிறுவப்படவில்லை என்றும் அத்தீர்ப்பு கொண்டது. நோக்கத்தையும் விளைவையும் வேறுபடுத்திக் காணும் இந்நுணுக்கம் சட்ட மாணவருக்கு உரியதாயினும், அதன் சமூக உட்பொருள் தெளிவானது. அதற்கு முன்னர் அதே வகைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டுப் பதிவேட்டில் ஏறியோரின் ‘நடத்தை’ இத்தீர்ப்பின்படி எத்தகையது? லண்டனில் அமர்ந்திருந்த நீதிபதிகள் இதனைக் கூறும் வேளையில், அம்மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிவிட்டிருந்தனர்.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வருவோம். 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலையாட்கள் பதிவுக் கட்டளைச்சட்டம், இன்றைய பொருளிலே பின்னணிப் பரிசோதனை எனத்தக்க முதலாவது இலங்கைச் சட்டமாகும். சமையற்காரர், குதிரைவண்டிக்காரர், ஆயாமார், தோட்டக்கூலிகள் முதலியோர் பதிவாளரிடம் பதிந்து சட்டைப்பைக் கையேடு ஒன்றைப் பெறவேண்டும். அவர்களுடைய முன்னைய வேலைகளும் குற்றச் செயல்களும் பதிவுக்குரியவை. கூலி எவ்வளவு, எத்தனை மணிநேர வேலை, விடுமுறை நாள் உண்டா என்பன பற்றி அச்சட்டம் எதனையும் வகுக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘கெரக்டர்’ என்ற சொல் அக்காலத்தில் ஒருவரது இயல்பை மட்டுமன்றி, எசமான் எழுதிக் கொடுக்கும் சான்றுத் தாளையும் குறித்தது. ‘கெரக்டர் இல்லாதவர்’ என்றால் ஒழுக்கமற்றவர் என்பதோடு சான்றுத்தாள் அற்றவர் என்றும் பொருள். நாம் ‘நடத்தைச் சான்றிதழ்’ என மொழிபெயர்த்துக்கொண்டபோது, பணிவை ஒழுக்கமாகக் கருதும் அப்பழைய குழப்பத்தையும் உடன் ஏற்றுக்கொண்டோம். 1936இல் ஒருமுறை திருத்தப்பட்ட இச்சட்டம், நடைமுறையிற் செயலிழந்துபோயும், சுதந்திரத்தின் பின்னர் பல பத்தாண்டுகள் நீக்கப்படாமற் சட்டத் தொகுதியிலே கிடந்தது.

அதே 1871ஆம் ஆண்டிலேதான் பிரித்தானிய இந்தியாவிற் குற்றப்பரம்பரைச் சட்டம் இயற்றப்பட்டது. 1911இன் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்துக்கும் விரித்தது. இங்கு ஒருவர் செய்த குற்றம் பதியப்படவில்லை, பிறப்பே பதியப்பட்டது. கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர் 1920 ஏப்ரல் 3இற் பெருங்காமநல்லூரிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். இரு சட்டங்களும் ஒரே ஆண்டிற் பிறந்தமை தற்செயலாகலாம். ஆயினும், வேலை வாங்கவேண்டிய மக்களைப் பதிவேட்டில் ஏற்றி அறிதல் என்னும் சிந்தனை அக்காலக் குடியேற்ற நிருவாகத்தின் பொதுச் சொத்தாயிருந்தது. ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் அமைத்த தொழுநோய் மருத்துவமனையையும் இங்கு நினைவுகூரலாம். 1901ஆம் ஆண்டின் தொழுநோயாளர் கட்டளைச்சட்டம் நோயாளரைக் கட்டாயமாக ஒதுக்கிவைக்க வழிசெய்தது. நோயாளரும் குற்றவாளியும் வேலையாளும் ஒரே நிருவாகக் கண்ணோட்டத்தின் மூன்று பொருள்களாயினர்.

இவையெல்லாம் பழங்கதை எனின், இன்றைய குற்றப் பதிவேட்டில் எவர் இடம்பெறுகின்றனர் என வினவலாம். இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனைக் கைதிகளாக அனுப்பப்படுவோருட் பெருந்தொகையினர், நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைச் செலுத்த இயலாமையால் அங்கு செல்பவர்கள் என்பதைச் சிறைச்சாலைப் புள்ளிவிவரங்கள் நெடுங்காலமாகக் காட்டி வந்துள்ளன. ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டம் விதிக்கப்பட்ட இருவருள், பணமுள்ளவர் மாலையில் வீடு திரும்புகிறார், மற்றவர் வெலிக்கடைக்குச் செல்கிறார். பின்னர் வேலை கேட்டுச் செல்லும்போது ‘சிறைக்குச் சென்றவர்’ என்ற பெயர் இரண்டாமவருக்கே உரியதாகின்றது.

இனப்பிரச்சினை இதற்கு இன்னொரு படையைச் சேர்த்தது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், குற்றச்சாட்டின்றிப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்தது. அக்காலம் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. வழக்கின்றி விடுவிக்கப்பட்டவர் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்பட்டவரல்லர். எனினும், வேலையற்றிருந்த அக்காலத்துக்கு விண்ணப்பப் படிவத்திலே அவர் என்ன எழுதுவார்? 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பிலே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே அவர்கள்மீதான குறை. வேலைக்காகவும் வெளிநாட்டுப் பயணத்துக்காகவும் காத்திருந்தோர் அவர்களுட் பலர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியது. 2009இன் பின்னர் ஏறத்தாழ 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு முகாம்களினூடாகச் சென்றுவந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் நீதிமன்றத்தையே காணவில்லை. ‘புனர்வாழ்வு பெற்றவர்’ என்ற தாள், கிராம உத்தியோகத்தரின் படிவத்திலுள்ள வினாவுக்கு விடையாகாது. ஆயின், வேலை கொடுப்பவர் அதனை விடையாகவே வாசிக்கிறார்.

பிற நாடுகளில் இதற்குக் காணப்பட்ட பரிகாரங்கள் யாவை? இங்கிலாந்து 1974இல் இயற்றிய குற்றவாளிகள் புனர்வாழ்வுச் சட்டம், முப்பது மாதங்களுக்கு மேற்படாத தண்டனைகள் குறித்த காலத்தின் பின் ‘கழிந்தவை’ ஆகும் என்றும், அதன்பின் அவற்றை வெளியிடாமை வேலைமறுப்புக்குக் காரணமாகாது என்றும் வகுத்தது. சிறுவருடன் பணியாற்றுதல் போன்ற தொழில்களுக்கு 1975இல் விதிவிலக்குகள் செய்யப்பட்டன. ஆங்கிலச் சட்டத்தின் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்ட இலங்கை இதனை இறக்குமதி செய்யவில்லை. அதே 1975இல் ஐக்கிய அமெரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, மிசூரி பசிபிக் இருப்புப்பாதைக் கம்பனியின் வழக்கிலே, தண்டனை பெற்ற எவரையும் சேர்ப்பதில்லை என்ற விதியைச் செல்லாததாக்கியது. எழுதுவினைஞர் வேலை மறுக்கப்பட்ட அக்கறுப்பின இளைஞரின் குற்றம், இராணுவத்திற் சேர மறுத்தமை. குற்றத்தின் தன்மை, கழிந்த காலம், கேட்கும் வேலையின் இயல்பு ஆகிய மூன்றையும் நோக்கவேண்டும் என்ற அளவுகோல் அவ்வழக்கிலிருந்தே பரவியது. விண்ணப்பத்திலுள்ள குற்ற வினாவுக்குரிய கட்டத்தையே நீக்கவேண்டும் என்ற இயக்கம் பின்னர் தோன்றியது. ஹவாய் மாநிலம் 1998இல் அதற்கான சட்டத்தை முதலில் இயற்றியது.

இவ்விதிகளின் பயனை மிகைப்படுத்தலாகாது. சமூகவியலாளர் டேவா பேஜர் 2003இல் வெளியிட்ட மில்வாக்கி நகர ஆய்விலே, ஒத்த தகுதியுடைய இளைஞர்கள் வேலை கேட்டு அனுப்பப்பட்டனர். குற்றப்பதிவற்ற வெள்ளையருள் நூற்றுக்கு 34 பேர் மீள அழைக்கப்பட்டனர். பதிவுள்ள வெள்ளையருள் 17 பேரும், பதிவற்ற கறுப்பருள் 14 பேரும், பதிவுள்ள கறுப்பருள் 5 பேரும் அழைக்கப்பட்டனர். குற்றமற்ற கறுப்பரைவிடக் குற்றப்பதிவுள்ள வெள்ளையருக்கு வாய்ப்பு அதிகம் என்பதே இதன் பொருள். அமண்டா ஏகன், சோன்யா ஸ்டார் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு மேலும் சிந்திக்கத்தக்கது. நியூ ஜேர்சியிலும் நியூயோர்க் நகரத்திலும் கட்டத்தை நீக்கும் சட்டம் வருமுன்னர், அக்கட்டம் இருந்த படிவங்களிலே வெள்ளையர் கறுப்பரிலும் 7 வீதம் கூடுதலாக அழைக்கப்பட்டனர். சட்டத்தின் பின்னர் அவ்வேறுபாடு 43 வீதமாயிற்று. குற்றப்பதிவைக் காணமுடியாத முதலாளி அதனை நிறத்திலிருந்து ஊகித்துக்கொண்டார்.

கொழும்புக்கு இதனைப் பொருத்திப் பார்ப்பது கடினமன்று. கிராம உத்தியோகத்தரின் படிவத்திலிருந்து வினாவை மட்டும் நீக்கினால், பெயர், பிறந்த ஊர், தோட்ட முகவரி ஆகியன அவ்வினாவுக்கு விடையளிக்கத் தொடங்கும். வினாவுக்கு எல்லை வகுப்பதோடு, வேலை மறுத்தவர் தமது காரணத்தை எழுத்திற் கூறவும், மறுக்கப்பட்டவர் அதற்கு மறுமொழி அளிக்கவும் கடமையும் உரிமையும் ஏற்படாதவிடத்து, சீர்திருத்தம் படிவத்தின் அச்சமைப்பை மாற்றுவதோடு நின்றுவிடும். காசாளரையோ பாடசாலை வாகனச் சாரதியையோ நியமிப்பவருக்கு அறியவேண்டிய நியாயமான தேவை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அத்தேவை வேலையின் இயல்பிலிருந்து எழுகின்றது. எல்லா வேலைக்கும் எல்லாக் குற்றத்தையும் கேட்பதற்கு அது நியாயமாகாது.

அறியும் தேவை ஒருதலையானதாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளமையும் நோக்கற்பாலது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் வேலையாளின் பின்னணியைப் பதிவுக்குரியதாக்கியது, வீட்டுக்காரரின் பின்னணியை ஆக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் வீட்டு வேலையாட்களைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. 2021 ஜூலையில், டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பதினாறு வயதுச் சிறுமி தீக்காயங்களோடு தேசிய வைத்தியசாலையில் இறந்தபோது, மலையகமெங்கும் ஆர்ப்பாட்டங்கள் நிகழ்ந்தன. சிறுமியை வேலைக்கு அனுப்பும் குடும்பம், சேர்ப்போரின் நடத்தை பற்றி எந்த அலுவலகத்தில் எந்தப் படிவத்தை நிரப்பிக் கேட்டறிந்திருக்க முடியும்?

இந்திய உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இத்துறையிற் குறிப்பிடத்தக்கவை. டெல்லிப் பொலிசில் வேலைக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், இளமையில் ஏற்பட்டுச் சமரசமாக முடிந்த வழக்கொன்றைப் படிவத்தில் மறைத்தமைக்காக விலக்கப்பட்டார். 2011இல் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்த நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு, விக்டர் ஹியூகோவின் நாவலில் வரும் ஜான் வால்ஜானை எடுத்துக்காட்டினார். உரொட்டி திருடியவர் வாழ்நாள் முழுவதும் திருடராகவே குறியிடப்பட்டமை நீதிமன்றத் தீர்ப்பொன்றில் மேற்கோளாகியது இலக்கிய மாணவருக்கு உவப்பளிக்கும். அவதார் சிங் வழக்கில் 2016இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் விதிகளை வகுத்தது. இளவயதிற் கோஷமெழுப்பியமை போன்ற சிறு குற்றங்களை மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் தமது விருப்புரிமைப்படி அதனைப் பொருட்படுத்தாது விடலாம் என்பது அவற்றுளொன்று. கோஷமெழுப்புதலை நீதிமன்றம் முதல் உதாரணமாகக் கொண்டமை, எவ்வகையான ‘குற்றவாளிகள்’ வேலை கேட்டு வருகின்றனர் என்பதைத் தெரிவிக்கின்றது. ஆயின் அங்கும் அது வேலை கொடுப்பவரின் விருப்புரிமையே.

இலங்கையில் அந்த அளவும் எட்டப்படவில்லை. வேலையிலும் தொழிலிலும் பாரபட்சத்தைத் தடுக்கும் சர்வதேச தொழிலமைப்பின் 111ஆம் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றுக்கொண்டது. இனம், நிறம், பால், மதம், அரசியற் கருத்து, தேசிய வழித்தோன்றல், சமூகத் தோற்றம் ஆகியன அதிற் குறிப்பிடப்படுகின்றன. குற்றப்பதிவு அப்பட்டியலில் இல்லை. தண்டனைக் குறிப்பு இனத்தோடும் சமூகத் தோற்றத்தோடும் பின்னிக் கிடக்கும் ஒரு நாட்டில், அச்சொற்களைக்கொண்டே வழக்காடுதற்கு வழியுண்டு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கின்றது. ஆனால் 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு, மீறல் நிருவாகத்துறையினதாயிருத்தல் வேண்டும், மனுவும் ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிக்கப்படல் வேண்டும். நற்சான்றிதழைத் தருபவர் அரச உத்தியோகத்தராகையால் அவரது செயல் அவ்வெல்லைக்குள் வரும். அச்சான்றிதழைப் படித்துவிட்டு வேலை மறுக்கும் புறக்கோட்டைக் கடைக்காரர் அதற்கு வெளியே நிற்கிறார்.